வீட்டிலிருந்து கொண்டுவந்த கணக்கு

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'மீதி டீச்சர்' என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஐம்பத்திமூன்று பேர் ஊர்சுற்றப் போகிறார்கள், ஒரு வேனில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், எத்தனை வேன் வேண்டும் என்று கேட்பார். யாராவது நாலு என்று கத்தினால் போதும், சாக்பீஸை மேசையில் தட்டுவார். "மீதி எங்க போச்சு? அஞ்சு பேரை நடுரோட்டுல இறக்கிவிட்டுட்டு வந்துட்டியா? அவங்க அம்மா வந்து கேட்டா நீ பதில் சொல்றியா?" வகுப்பே சிரிக்கும். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஐந்து பேரை யாரும் மறந்ததில்லை.

அவருக்கு நடத்தக் கிடைத்தது ஒன்பதாம் வகுப்பு எஃப் பிரிவு. கணக்கில் கரையேறாதவர்களை எல்லாம் பொறுக்கி எடுத்துப் போட்ட வகுப்பு. மற்ற ஆசிரியர்கள் அதைக் கண்டால் காத தூரம் ஓடினார்கள். இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது. அவரே பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவர். வீட்டில் சும்மா இருக்க விடாமல் பிஸ்கட் ஆலையில் பாக்கெட் கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் பெல்ட்டின் முன்னால் நின்றார். ஒரு பாக்கெட்டில் ஒரே ஒரு பிஸ்கட் குறைந்தாலும் கை சொல்லிவிடும். ஒரு பெட்டிக்கு எத்தனை பாக்கெட், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி, பெல்ட் பத்து நிமிடம் நின்றால் எத்தனை போச்சு என்று எல்லாம் மனதிலேயே ஓடும். புத்தகத்தில் பூதமாக நின்ற கணக்கு, கைக்கு வந்ததும் பூனைக்குட்டியாகிவிட்டது. அதன் பிறகுதான் பரீட்சை எழுதினார், படித்தார், ஆசிரியரானார்.

அதனால் எஃப் பிரிவுக்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆளுக்கொரு கணக்கை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று. "எண் பொய்யா இருக்கக் கூடாது. உன் கண்ணால எண்ணினதா இருக்கணும், இல்ல உன் கையால அளந்ததா இருக்கணும்." கணக்குகள் வந்து குவிந்தன. ஒருத்தன் தன் அப்பாவின் குறட்டை நிமிடத்துக்குப் பதினாலு என்று எண்ணி, ஏழு மணி நேரத்துக்குப் பெருக்கிக்கொண்டு வந்தான். இன்னொருத்தி, ஆறு பேர், ஒரு குளியலறை, அக்கா ஒருத்திக்கு மட்டும் நாற்பது நிமிடம், நான் எத்தனை மணிக்கு எழுந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் நோட்டுகளைப் பரப்பி வைத்துத் திருத்தும்போது டீச்சருக்கு வாய்விட்டுச் சிரிப்பு வரும்.

வருடத்தின் நடுவில் வேறொரு பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாலாவது பெஞ்சில், ஜன்னலோரம். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். கண் எப்போதும் சிவந்திருக்கும். வகுப்பு ஒரே வாரத்தில் 'ஊமைக்கோட்டான்' என்று பட்டம் கட்டி, பிறகு நீளமாக இருக்கிறதென்று 'கோட்டான்' என்று சுருக்கிவிட்டது.

அவளுடைய முதல் கணக்கு இப்படி இருந்தது. "ஒரு டின்னில் 20 லிட்டர். கட்டிலுக்கு அடியில் நீளவாக்கில் 6 டின், அகலவாக்கில் 3 டின். மொத்தம் எத்தனை லிட்டர்?" கீழே முந்நூற்று அறுபது என்று விடை. டீச்சர் சரி போட்டு, 'நன்று' என்றும் எழுதினார்.

அடுத்த வாரம் அவள் டீச்சரை ஆச்சரியப்படுத்தினாள். "அறை 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். கட்டிலை எடுத்துவிட்டால், நடக்கவும் படுக்கவும் பாதி இடம் போக, மீதிப் பாதியில் டின் வைக்கலாம். ஒரு டின்னின் அடி 25 செ.மீ. சதுரம். இரண்டு அடுக்கு வைத்தால் எத்தனை டின்?" பரப்பளவு, அலகு மாற்றம், வகுத்தல் எல்லாம் பிசகில்லாமல் செய்து, நூற்றிருபது என்று விடை எழுதியிருந்தாள். எஃப் பிரிவில் இப்படி ஒரு கணக்கா! டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் போட்டார். வகுப்பு முழுவதும் உற்சாகமாக உட்கார்ந்து, அந்த அறையை நிரப்பியது.

"டீச்சர், அந்த வீட்டுல ஆளுங்க எங்க படுப்பாங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான்.

"அது அடுத்த வாரக் கணக்கு" என்றார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கோட்டான் மட்டும் பெஞ்சில் எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம் அவளுடைய நோட்டைத் திறந்ததுமே ஒரு நெடி அடித்தது. புது பெயின்ட் அடித்த வீட்டில் வருமே, அந்த மாதிரி. கணக்கு இது. "மூடி சரியில்லாத டின் 16. வாரத்துக்கு 4 மில்லிமீட்டர் மட்டம் இறங்குகிறது. நான்கு வாரத்தில் மொத்தம் எத்தனை லிட்டர் குறையும்?" இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கி, அதைப் புள்ளி நான்கால் பெருக்கி, ஒரு டின்னுக்கு வாரம் கால் லிட்டர் என்று கண்டுபிடித்து, கடைசியில் பதினாறு லிட்டர் என்று முடித்திருந்தாள். டீச்சர் சரி போட்டார். பழக்க தோஷத்தில் பக்கத்திலேயே, 'குறைந்தது எங்கே போனது?' என்றும் எழுதிவைத்தார்.

அந்த வாரம் வகுப்பில் அவள் அருகே நின்றபோது, அவளுடைய பிளாஸ்டிக் ஸ்கேல் கண்ணில் பட்டது. ஒரு முனை பால் நிறத்தில் மங்கி, கோடுகளும் எண்களும் அழிந்துபோயிருந்தன. மூன்றிலிருந்துதான் எண்ணே ஆரம்பித்தது.

"என்னம்மா ஸ்கேல் இது, கடிச்சுத் தின்னியா?"

அவள் அதை மெல்ல எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான்காவது சனிக்கிழமை. வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் படுக்க வைத்திருந்தது. டீச்சரின் கணவர், பஞ்சாலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிரே உட்கார்ந்து பழுதான மின்விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். டீச்சர் கோட்டானின் நோட்டை எடுத்தார். போன வாரக் கேள்விக்குக் கீழே பென்சிலில் ஒரே சொல் இருந்தது. 'காற்றில்.'

அதற்கடுத்த பக்கத்தில் புதுக் கணக்கு. "வீட்டில் ஐந்து பேர். ஒரு வாரத்தில் தலைவலி வந்த நாட்கள்: அம்மா 6, அப்பா 1, நான் 3, தம்பி 2. பாப்பாவுக்குச் சொல்லத் தெரியாது. சராசரி எவ்வளவு? பாப்பாவைப் பூஜ்யம் என்று சேர்த்தால் 2.4. சேர்க்காவிட்டால் 3. எது சரி, டீச்சர்?"

சிவப்புப் பேனா நோட்டின்மேல் நின்றது. நல்ல கேள்வி என்றுதான் முதலில் தோன்றியது. தெரியாததைப் பூஜ்யமாக எடுக்கக் கூடாது, வகுப்பில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அடுத்த நொடியே 'தலைவலி' என்ற சொல்லைத் திரும்பப் படித்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். காற்றில். நான்கு மில்லிமீட்டர். கட்டிலை எடுத்துவிட்டால். இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றின் அருகிலும் தன் கையெழுத்தில் சரி, சரி, நன்று.

"இங்க பாருங்களேன்" என்று நோட்டைக் கணவரிடம் தள்ளினார்.

அவர் படிக்கவில்லை. முதலில் முகர்ந்தார். "தின்னர். பெயின்ட்டுல, பாலிஷ்ல கலக்குறது. யாரு வீட்டு நோட்டு இது?" பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்தபோது அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நூத்தி இருபது டின்னா? வீட்டுக்குள்ளயா?"

"அளந்துதான் எழுதியிருப்பா. டின்னுக்குள்ள விட்டுத்தான் அவ ஸ்கேல் முனை அழிஞ்சிருக்கு. பொய் எண் எழுதாதேன்னு நான்தானே சொன்னேன்."

"எந்த மாடி?"

"மூணுன்னு நினைக்கிறேன். சேர்க்கைப் படிவத்துல பார்த்த முகவரி."

"இது கனமான ஆவி. மேல போகாது, தரையோட தரையா படுத்துக் கீழதான் இறங்கும். எங்க மில்லுல ஒரு தடவை இத்துனூண்டு தின்னர் சிந்தினதுக்கு, அந்தப் பக்கம் சுவிட்ச் போட்டவன் புருவம் கருகிப்போச்சு." நோட்டை மூடினார். "அந்த வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"ஃப்ரிட்ஜ் தானாவே ஆன் ஆகும். அதுக்கு நேரங்காலம் தெரியாது. உள்ளுக்குள்ள ஒரு பொறி தட்டும். மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டுன்னு சொல்லுவாங்களே, இங்க மடியே பிள்ளைங்களோடதா இருக்கு."

டீச்சர் தலைமையாசிரியருக்குப் போன் போட்டார். அவர் ஏதோ கல்யாண வீட்டில் இருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார். "டீச்சர், ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு ஏதோ கற்பனையா எழுதினதுக்கு நாம போய் ஒரு குடும்பத்தைக் கிளறக் கூடாது. நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா? திங்கக்கிழமை அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிப்போம்."

திங்கட்கிழமை வரை எத்தனை மணி நேரம் என்று டீச்சரின் மனம் கேட்காமலே கணக்குப் போட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நோட்டைப் பையில் போட்டார்.

கட்டடம் பஸ் நிறுத்தத்திலிருந்து இரண்டாவது திருப்பத்தில் இருந்தது. தரைத்தளத்தோடு நாலு தளம், தளத்துக்கு நாலு வீடு. வாசல்களில் கிடந்த செருப்புகளை அவர் எண்ணிக்கொண்டே ஏறினார். பதினாறு வீடுகளுக்கும் சேர்த்து அறுபது பேருக்குக் குறையாது. முதல் மாடியில் காலெடுத்து வைத்ததும் நின்றுவிட்டார். ஒரு வாசலில் முகமூடி போட்ட ஆள் குனிந்து கம்பிக்கதவை வெல்டிங் செய்துகொண்டிருந்தான். நீலப் பொறிகள் படியில் தெறித்து உருண்டன.

அவன் நிறுத்தி முகமூடியைத் தூக்கினான். "ஓரமா போங்கம்மா, புடவையில பட்டுடும்."

"எல்லா வீட்டுக்கும் போடுறீங்களா?"

"ஆமாம்மா. சங்கத்துல சொல்லியிருக்காங்க. ஒரு நாளுக்கு நாலு கதவு. நேத்து கீழ முடிச்சாச்சு, இன்னிக்கு இது, நாளைக்கு ரெண்டாவது மாடி. மூணாவது மாடி திங்கக்கிழமை காலைல."

"இங்க ஏதும் நெடி வரலையா உங்களுக்கு?"

"யாரோ பெயின்ட் அடிக்கிறாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் முகமூடியை இறக்கினான்.

இரண்டாம் மாடிக்குப் போகும் படிகளில் நெடி முழங்கால் உயரத்தில் கிடந்தது போல் இருந்தது. குனிந்தால் அதிகமாக வந்தது. மூன்றாம் மாடியில் அழைப்புமணியின் பொத்தானை நோக்கிப் போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கதவைக் கையால் தட்டினார்.

கதவு ஒரு சாண் திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா. குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. தூக்கம்தான் என்று நம்ப டீச்சர் விரும்பினார். பின்னாலேயே அப்பா வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். நகக்கண்களில் பாலிஷ் கறை.

"டீச்சரா? வாங்க வாங்க… உள்ள கொஞ்சம் ஒழுங்கில்லாம கிடக்கு. இங்கயே பேசலாமே."

"உள்ள தின்னர் டின் இருக்குங்களா?"

அவர் சிரித்தார். "நான் பாலிஷ் பட்டறையில வேலை பார்க்கிறேன். சட்டைலயே அந்த நாத்தம்தான். சில டின்னு இருக்கு, எல்லாம் காலி."

"காலி டின்னுல எப்படிங்க வாரத்துக்குக் கால் லிட்டர் குறையும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெதுவாக வடிந்தது. அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, உள்ளே திரைச்சீலை ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தார். கோட்டான் அசையவில்லை. உள்ளே எங்கோ ஓர் இயந்திரம் 'டக்' என்று ஓசையிட்டு உறுமத் தொடங்கியது. ஃப்ரிட்ஜ். ஒன்றும் நடக்கவில்லை. உறுமல் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"குழந்தைங்களை நான் கொஞ்ச நேரம் வெளிய கூட்டிட்டுப் போறேன்" என்றார் டீச்சர்.

"வேண்டாங்க. சீல் வைக்க வர்றாங்கன்னு முதலாளி கிடங்கைக் காலி பண்ணிட்டாரு. ரெண்டு மாசம் பார்த்துக்கச் சொன்னாரு, அவ்வளவுதான். முடியாதுன்னா வேலை போயிடும். நீங்க போங்க டீச்சர்." கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

தீயணைப்பு நிலையத்துக்கு டீச்சர் நடக்கவில்லை, ஓடினார் என்றே சொல்ல வேண்டும். அங்கிருந்த அதிகாரி ஒரு கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் மூச்சிரைக்கச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எழுத்துல புகார் வேணும்மா" என்றார்.

"எழுத்துலதான் இருக்கு" என்று டீச்சர் நோட்டை நீட்டினார்.

அதிகாரி அதை முகத்தருகே கொண்டுபோனதும் புருவம் சுருங்கியது. "இது நோட்டா, பாலிஷ் துணியா?" ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். டின் கணக்கை உதடு அசையப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், தன் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து ஓரத்தில் கூட்டி வகுத்துப் பார்த்தார். "பாப்பாவைச் சேர்க்கக் கூடாது. மூணுதான் சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார். டீ பாதியில் கிடந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெல்டிங்காரனை நிறுத்தினார்கள். தெருமுனையிலேயே கட்டடத்துக்கான மின்சாரத்தைத் துண்டித்தார்கள். யாரும் அடுப்பைத் தொடாமல், சுவிட்சைத் தொடாமல், போட்ட துணியோடு இறங்கி வரச் சொன்னார்கள். மாலை ஐந்து மணி வெயிலில் அறுபத்தெட்டு பேர் தெருவில் நின்றார்கள். சிலர் திட்டினார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். டின்கள் ஒவ்வொன்றாக, ஈரச்சாக்கு சுற்றி, இரண்டு இரண்டு ஆட்களாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீச்சரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் யாரோ மெல்ல முணுமுணுக்கும் சத்தம். திரும்பினார். கோட்டானும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைசி டின் இறங்கியபோது, "நூத்தி முப்பத்தேழு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"நீ நூத்தி இருபதுன்னு எழுதியிருந்தியே?"

"அது அறைல மட்டும். பதினேழு சமையல்கட்டுல, மேடைக்குக் கீழ." அவ்வளவு நீளமாக அவள் பேசி டீச்சர் அதுவரை கேட்டதில்லை.

"முன்னாடியே என்கிட்ட வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு." அவள் தெருவைப் பார்த்தாள். போலீஸ் வண்டிக்குள் அவள் அப்பாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா குழந்தையை மருத்துவப் பணியாளர் ஒருவரிடம் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வெளிக்காற்றில் விழித்து, வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் டீச்சருக்கு உடம்பில் பாதி உயிர் வந்தது.

"டீச்சர்" என்றாள் கோட்டான். "அடுத்த வாரத்துக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தேன்."

"இப்ப என்னம்மா கணக்கு?"

"கிடங்குல ஆயிரத்து ஐந்நூறு டின் இருந்துச்சு. பட்டறையில வேலை பார்க்கிறவங்க பதினோரு பேர். எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. ஆளுக்கு நூத்தி முப்பத்தாறு. நாலு பேருக்கு ஒண்ணு கூட."

இன்னும் பத்து வீடுகளில் இதே டின்கள் என்று டீச்சருக்கு விளங்கியது. பிறகு வகுத்துப் பார்த்தார். விடை சரியாக வந்தது. ஒரு சரியான விடையை அவர் வாழ்நாளில் அப்படி வெறுத்ததில்லை. அதிகாரியை நோக்கி ஓடினார்.

அன்று இரவுக்குள் மூன்று வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த எட்டு நாட்களில் இன்னும் ஆறு. ஒன்றில் டின்கள் ஒரு தையல் பள்ளியின் பரணில் இருந்தன. இன்னொன்றில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரின் அறையில். முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். கோட்டானின் அப்பா பத்து நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். ஒரு நாள் பள்ளி வாசலில் நின்று டீச்சரைக் கூப்பிட்டார். "என் பொண்ணை எழுத வெச்சது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று டீச்சருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெண் இரண்டு வாரம் கழித்து வகுப்புக்கு வந்தாள். மாமா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். கண்ணில் சிவப்பு இல்லை. புது ஸ்கேல் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக் கணக்குகளை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதுகிறாள். டீச்சர் ஒன்றும் கேட்பதில்லை. மற்றவர்களின் நோட்டுகளை இப்போது அவர் விடையிலிருந்து திருத்துவதில்லை. கேள்வியை இரண்டு தடவை படித்த பிறகே பேனாவைத் திறக்கிறார்.

பத்து வீடு கிடைத்தது. பதினோராவது கிடைக்கவில்லை. டின்களைப் பிரித்தபோது அந்த ஆள் பட்டறையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முகவரி யாரிடமும் இல்லை. பழைய அறையைக் காலி செய்து, ஒரு சின்ன லாரியில் சாமான் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எங்கே என்று கேட்டவர் யாரும் இல்லை. மீதிக் கணக்குப்படி நூற்று முப்பத்தாறு டின். இரண்டாயிரத்து எழுநூறு லிட்டருக்கு மேல். மூடிகள் எப்படி என்று தெரியாது. அந்த வீட்டில் எத்தனை பேர் என்றும் தெரியாது.

டீச்சர் இப்போதெல்லாம் பள்ளி விட்டதும் வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுகிறார். கணவரும் வந்து சேர்ந்துகொள்கிறார். ஆளுக்கொரு பக்கமாக, கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒரு படிக்கட்டில் நெடி அடித்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி மேலே போனார்கள். அங்கே ஒரு பெண் தன் ஜன்னலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டாள்.

டீச்சர் அந்த ஆளின் அங்க அடையாளத்தைச் சொன்னார். சின்ன லாரி என்றும் சொன்னார். அந்தப் பெண் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே யோசித்தாள்.

"இந்தத் தெருவுல மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க, நாலு பேர் போறாங்க" என்றாள். "யாரு எதை ஏத்திக்கிட்டு வர்றாங்கன்னு யாரு பார்க்கிறா?"